18வது பிறந்தநாளுக்கு மறுநாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கேன். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டேன்.)

இந்த எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அவங்க பையனுக்கு செரிப்ரல் பால்சி. ஆறு வயசுல இருந்து ஒரே சிறப்புப் பள்ளி. பிசியோதெரபி அங்கேயே, பேச்சுப் பயிற்சி அங்கேயே, வேன் வீட்டு வாசலுக்கே வரும். அடுத்த மார்ச்ல அவனுக்கு 18 வயசு. "அதுக்கப்புறம் எங்களால வெச்சுக்க முடியாதும்மா"ன்னு பள்ளியில சொல்லிட்டாங்களாம். மெயிலோட கடைசி வரி இது: "நீ ஹிஸ்டரிதானே பேசுற தம்பி, இதுக்கு ஏதாவது ஹிஸ்டரி இருக்கா, இல்ல எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இருக்கு அக்கா. நீங்க மட்டும் இல்ல.

நான் வேலை பார்க்குற துறையில ஒரு பழைய சிஸ்டத்துல இருந்து புது சிஸ்டத்துக்கு டேட்டாவை மாத்துறதுக்கு மைக்ரேஷன்னு சொல்வோம். அந்த ராத்திரி யாரும் தூங்க மாட்டோம். பழசை நிறுத்துறதுக்கு முன்னாடி புதுசு ஓடுதான்னு பத்து தடவை பார்ப்போம். ஏன்னா நடுவுல விழுற டேட்டா காணாமப் போயிடும். ஒரு மனுஷன் 18 வயசைத் தாண்டும்போது அவனைச் சுத்தி இருக்கிற சிஸ்டம் மொத்தமும் இப்படித்தான் மாறுது. ஆனா அன்னைக்கு ராத்திரி யாரும் முழிச்சிருக்கிறதில்லை.

இந்தத் தாண்டலுக்கு ஒரு பேர் வெச்சு, சட்டம் போட்டு, அந்தச் சட்டமும் சரியா ஓடலைன்னு ஒத்துக்கிட்ட ஒரு நாடு பிரிட்டன். அங்கே இதை டிரான்சிஷன்னு சொல்றாங்க. குழந்தைகளுக்கான சேவையில இருந்து பெரியவங்களுக்கான சமூகப் பராமரிப்புக்கு மாறுறது. அந்தச் சட்டங்கள் எப்படி வந்துச்சுன்னு தேடிப் போனா, ஒரு 19 வயசுப் பையன்கிட்டப் போய் நிக்குது.

போக இடமில்லாத வயசு

முதல்ல 1948. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு, பிரிட்டன் தன்னோட நலத்திட்டங்களை மொத்தமா திருத்தி எழுதின வருஷம். தேசிய சுகாதார சேவை அந்த ஜூலையில தொடங்குது. அதே வருஷம் தேசிய உதவிச் சட்டம் வந்து, நூற்றாண்டுக் கணக்கா இருந்த ஏழைகள் சட்டத்தை முடிவுக்குக் கொண்டு வருது. மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளாட்சி நிர்வாகம் உதவி செய்யலாம்னு அதுல ஒரு பிரிவும் இருக்கு.

காகிதத்துல பெரிய மாற்றம். ஆனா கட்டடங்கள் அதே பழைய கட்டடங்கள். ஏழைகள் இல்லங்களோட மருத்துவப் பகுதிகள் பெயர்ப்பலகை மட்டும் மாறி, நாள்பட்ட நோயாளிகள் வார்டா ஆச்சு. அங்கே படுத்திருந்ததுல பெரும்பாலானவங்க சாகுற வயசுல இருந்த முதியவங்க. ஒரு இளைஞனால தன் கையால சாப்பிட முடியாது, குளிக்க முடியாது, பெற்றோராலயும் இனி தூக்க முடியாதுன்னா, அவனுக்கும் பக்கத்துப் படுக்கை அங்கேதான்.

இது ஏதோ அபூர்வமா நடந்த விஷயம் இல்ல. 1970ல் ஆல்ஃப் மோரிஸ்ங்கிற எம்.பி. தனிநபர் மசோதாவா கொண்டுவந்து நிறைவேத்தின சட்டத்துல, 65 வயசுக்குக் கீழே உள்ள நாள்பட்ட நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் முதியோர் வார்டுல இருந்து பிரிச்சு வைக்கணும்னு தனியா ஒரு பிரிவே இருக்கு. சட்டம் போட்டுச் சொல்ற அளவுக்கு அது வழக்கமா இருந்திருக்கு. மோரிஸோட அப்பா முதல் உலகப் போர்ல விஷவாயுவால பாதிக்கப்பட்டு வந்தவர். அந்த வீட்ல வளர்ந்தவருக்கு இதெல்லாம் புத்தக அறிவு இல்ல.

லெ கோர்ட்

அதே 1948ல் இன்னொரு விஷயம் நடக்குது. லெனர்ட் செஷயர் பிரிட்டிஷ் விமானப்படையில பேர் பெற்ற விமானி, விக்டோரியா கிராஸ் வாங்கினவர். நாகசாகியில அணுகுண்டு விழுந்ததை விமானத்துல இருந்து நேர்ல பார்த்த பிரிட்டிஷ் பார்வையாளர். போருக்கப்புறம் ஹாம்ப்ஷயர்ல லெ கோர்ட்ங்கிற பெரிய வீட்ல இருந்தார். ஆர்தர் டைக்ஸ்ங்கிற முன்னாள் வீரருக்குப் புற்றுநோய், போக இடமில்லை. செஷயர் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கடைசி வரைக்கும் தானே பார்த்துக்கிட்டார். அப்புறம் இன்னொருத்தர், இன்னும் நாலு பேர். இப்படித்தான் செஷயர் இல்லங்கள் ஆரம்பிச்சுது. பின்னாடி உலகம் முழுக்கப் பரவுச்சு. நம்ம கோயம்புத்தூர்லயும் ஒண்ணு இருக்கு.

அந்தக் காலத்து வார்டோட ஒப்பிட்டா லெ கோர்ட் சொர்க்கம். அதை மறைச்சுப் பேசுறது நியாயம் இல்ல. 1956ல் பால் ஹன்ட்ங்கிற 19 வயசுப் பையன் அங்கே வர்றார். தசைச் சிதைவு நோய். பதின்ம வயசுல பெரும்பகுதி மருத்துவமனையிலயே போனது. வாசிப்பார், எழுதுவார், கூர்மையா யோசிப்பார். வீல்சேர்ல இருந்து தனியா இறங்க மட்டும் முடியாது.

லெ கோர்ட்ல இருந்தவங்க கேட்ட விஷயங்களோட பட்டியலைப் பாருங்க. ராத்திரி எப்போ படுக்கணும்னு நாங்களே முடிவு பண்ணணும். வேணும்னா ஒரு கிளாஸ் குடிக்கணும். ஆணும் பெண்ணும் பழகுறதுல நிர்வாகம் தலையிடக் கூடாது. வெளியில போறதுக்கு யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகணும்னு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நம்ம ஹாஸ்டல்ல இருந்தப்போ இதையேதானே கேட்டோம்? வார்டன்கிட்ட சண்டை போட்டோம், நாலு வருஷத்துல டிகிரி வாங்கிட்டு வெளிய வந்துட்டோம். அவங்களுக்கு அந்த நாலு வருஷத்துக்கு முடிவே கிடையாது. பராமரிப்பு வேணும்னா, அதோட சேர்த்து வார்டனும் ஆயுசு முழுக்க வருவார்.

ஹன்ட்டும் மத்தவங்களும் பல வருஷம் சண்டை போட்டாங்க. 1966ல், மாற்றுத்திறனாளிகளே எழுதின கட்டுரைகளைத் தொகுத்து 'ஸ்டிக்மா'ன்னு ஒரு புத்தகம் கொண்டுவந்தார் ஹன்ட். எங்களைப் பத்தி டாக்டரும் பாதிரியாரும் பேசினது போதும், நாங்க பேசுறோம்ங்கிறதுதான் அந்தப் புத்தகத்தோட நோக்கம்.

ஆராய்ச்சியாளர்கள் வந்த கதை

சண்டை முத்தினப்போ, லெ கோர்ட்ல இருந்தவங்களே, வெளியில இருந்து நிபுணர்கள் வந்து பார்க்கட்டும்னு நினைச்சாங்க. டாவிஸ்டாக் நிறுவனத்துல இருந்து எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வந்தாங்க. தங்கள் பக்கம் நியாயம் கிடைக்கும்னு உள்ளே இருந்தவங்க நம்பினாங்க.

1972ல் புத்தகம் வந்துச்சு. அதோட மையக் கருத்து இது: இந்த இல்லங்களுக்குள்ள வர்றவங்களைச் சமூகம் ஏற்கெனவே செத்தவங்களாத்தான் பார்க்குது. அந்தச் சமூக மரணத்துக்கும் நிஜமான மரணத்துக்கும் நடுவுல இருக்கிற காலத்தை நடத்திக் கொடுக்கிறதுதான் இல்லத்தோட வேலை. அதை இன்னும் நல்லா எப்படிச் செய்யலாம்னு யோசனையும் சொன்னாங்க.

இந்த விஷயத்தை நான் படிச்சப்போ கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். உள்ளே இருக்கிறவங்க கேட்டது, "எங்களை ஏன் இங்கே வெச்சிருக்கீங்க?" வந்த பதில், "இங்கே எப்படி வசதியா வெச்சுக்கலாம்." ஹன்ட் இதை மன்னிக்கவே இல்ல. அந்த ஆராய்ச்சியாளர்களை ஒட்டுண்ணிகள்னு சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சுல வந்தது 1981ல். அவர் 1979லேயே, 42 வயசுல இறந்துட்டார்.

ஆனா இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் செஞ்சார். முதல்ல, லெ கோர்ட்டை விட்டு வெளியேறி, ஜூடியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு லண்டன்ல குடித்தனம் நடத்தினார். ரெண்டாவது, 1972 செப்டம்பர்ல 'கார்டியன்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லங்கள்ல அடைபட்டு, தங்கள் பேச்சை யாரும் கேட்காத நிலையில இருக்கிறவங்க ஒண்ணு சேரணும்னு அதுல கூப்பிட்டார். அதுல இருந்து பிறந்த அமைப்பைச் சுருக்கமா யூபியாஸ்னு சொல்வாங்க. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி எதிர்ப்புக்காகச் சிறைக்குப் போய், பிரிட்டனுக்கு வந்த விக் ஃபிங்கல்ஸ்டீன் அதுல முக்கியமானவர்.

1976ல் அவங்க வெளியிட்ட ஆவணம் ஒரு எளிய பிரிப்பைச் செஞ்சுது. என் கால் நடக்காதது உடலோட குறை. படிக்கட்டு மட்டும் வெச்ச கட்டடத்தால நான் உள்ளே போக முடியாதது சமூகம் என் மேல சுமத்துற முடக்கம். முதலாவதை டாக்டர் பார்த்துக்கட்டும். ரெண்டாவதை மாத்தலாம், ஏன்னா அதை மனுஷங்கதான் கட்டினாங்க. இதுக்குத்தான் 1980கள்ல மைக் ஆலிவர் 'சமூக மாதிரி'ன்னு பேர் வெச்சார். இன்னைக்கு ஐ.நா. ஒப்பந்தம் வரைக்கும் இந்தச் சிந்தனை போயிருக்கு. ஆரம்பம், எப்போ தூங்கலாம்னு கேட்ட சில இளைஞர்கள்.

பணம் யார் கையில?

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா இது ஒரு அருமையான ஹேக்.

1979ல், அதே லெ கோர்ட்ல, ஜான் எவான்ஸ் உள்பட சிலர் சேர்ந்து 'பிராஜெக்ட் 81' ஆரம்பிக்கிறாங்க. 1981ஐ ஐ.நா. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டா அறிவிச்சிருந்துச்சு. அதனால அந்தப் பேர். அவங்க போட்ட கணக்கு நேரானது. எங்க ஒவ்வொருத்தருக்கும் உள்ளாட்சி நிர்வாகம் இந்த இல்லத்துக்குப் பணம் கட்டுது. அந்தப் பணத்தை எங்ககிட்டக் கொடுங்க. நாங்க வெளியில வீடு பார்த்து, எங்களுக்குப் பிடிச்ச உதவியாளரை நாங்களே வேலைக்கு வெச்சுக்கறோம்.

நிர்வாகத்துல இருந்த சிலருக்கு யோசனை பிடிச்சிருந்துச்சு. ஆனா 1948 சட்டம் தனி நபர் கையில ரொக்கமா கொடுக்கக் கூடாதுன்னு தடுத்துச்சு. என்ன பண்ணாங்க? பணத்தை முன்ன மாதிரியே இல்லத்துக்குக் கொடுத்தாங்க. இல்லம் அதை அந்த நபர்கிட்டக் கொடுத்துச்சு. சட்டமும் உடையல, வேலையும் நடந்துச்சு. எவான்ஸ் 1983ல் லெ கோர்ட்டை விட்டுத் தன் சொந்த வீட்டுக்குப் போனார்.

இந்த ஹேக் மெல்ல மத்த ஊர்களுக்கும் பரவுச்சு. 1988ல் அரசே சுதந்திர வாழ்வு நிதின்னு ஒண்ணைத் தொடங்குச்சு. கடைசியா 1996ல் நேரடிப் பணம் கொடுக்க அனுமதிக்கிற சட்டம் வந்துச்சு. முதல்ல 18ல இருந்து 65 வரைக்கும்தான். 2000ல் வந்த சட்டம் 16, 17 வயசுக்காரங்களுக்கும் கதவைத் திறந்துச்சு. அதாவது, பெரியவனாகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, தன் உதவியாளரைத் தானே தேர்ந்தெடுக்கிற பழக்கம் வரலாம்.

ஃபைல் கைமாறின கதை

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பள்ளிகள்ல இருந்து வருது.

1971 ஏப்ரல் வரைக்கும் இங்கிலாந்துல கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. 'கல்விக்குத் தகுதியில்லாதவங்க'ன்னு ஒதுக்கி, சுகாதாரத் துறைகிட்ட விட்டிருந்தாங்க. 1970ல் போட்ட சட்டம்தான் அவங்க எல்லாரையும் கல்வித் துறைக்குள்ள கொண்டு வந்துச்சு. அப்படி 1971ல் அஞ்சு வயசுல பள்ளிக்குப் போன குழந்தைக்கு 1984ல் 18 வயசு. பள்ளி முடிஞ்சு வெளியில வந்து நின்னா, எதிர்ல ஒண்ணுமே இல்ல. பள்ளிக் கதவைத் திறந்தவங்க, அதோட பின்கதவு எங்கே போகுதுன்னு பார்க்கல.

1978ல் மேரி வார்னாக் தலைமையில வந்த அறிக்கை, பள்ளியில இருந்து வயது வந்தோர் வாழ்க்கைக்கு மாறுறதுக்குன்னு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்குச்சு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடர்பு கொள்ள ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கணும்னு சொல்லுச்சு. எங்க பாஷையில சொன்னா, டிக்கெட்டுக்கு ஒரு ஓனர். எல்லாருக்கும் சொந்தமான டிக்கெட்டை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு ஐ.டி.யில ஒரு வாரம் இருந்தாலே தெரிஞ்சிடும்.

1986ல் டாம் கிளார்க்ங்கிற எம்.பி. கொண்டுவந்த சட்டம், பள்ளியை விட்டு வெளியேறப் போற மாற்றுத்திறனாளி மாணவர்கள் யார் யார்னு கல்வித் துறை முன்கூட்டியே சமூக சேவைத் துறைக்குச் சொல்லணும்னு கட்டாயம் ஆக்குச்சு. ரெண்டு துறைக்கு நடுவுல போட்ட முதல் ஏ.பி.ஐ.ன்னு வெச்சுக்கோங்க. 1994ல் வந்த விதிமுறைகள், 14 வயசுலயே டிரான்சிஷன் திட்டம் எழுதத் தொடங்கணும்னு சொல்லுச்சு.

அப்புறம் 2014. அந்த ஒரே வருஷத்துல ரெண்டு சட்டம். ஒண்ணு, கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூணையும் ஒரே திட்டத்துல வெச்சு, தேவைப்பட்டா 25 வயசு வரைக்கும் நீட்டிக்க வழி செஞ்சுது. இன்னொண்ணு பராமரிப்புச் சட்டம். இதுல எனக்குப் பிடிச்ச ரெண்டு விஷயம் இருக்கு.

முதல் விஷயம்: மதிப்பீட்டை எந்த வயசுல செய்யணும்னு சட்டம் நம்பர் போடல. அந்த இளைஞருக்கு எப்போ உண்மையிலேயே பயன்படுமோ அப்போ செய்யணும். ஒருத்தருக்கு 14, இன்னொருத்தருக்கு 17.

ரெண்டாவது விஷயம்: அதிகாரிங்க தாமதம் பண்ணி 18 தாண்டிட்டா, பெரியவங்க பக்கம் முடிவு எடுக்கிற வரைக்கும் குழந்தைகள் சேவையை நிறுத்தக் கூடாது. புது சர்வர் எழுந்து நிக்கிற வரைக்கும் பழைய சர்வரை அணைக்காதே. 1948ல் இருந்து 2014 வரைக்கும், 66 வருஷம் ஆச்சு இந்த ஒரு வரியை எழுத.

இன்னும் உடையிற இடங்கள்

சட்டம் வந்ததும் சுபம்னு போட்டு முடிக்கிற கதை இல்ல இது.

அதே 2014ல் இங்கிலாந்தோட பராமரிப்புத் தரக் கண்காணிப்பு ஆணையம், இளைஞர்கள் பெரியவங்களுக்கான மருத்துவ சேவைக்கு மாறுறதைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'குளத்திலிருந்து கடலுக்கு'. குழந்தையா இருக்கும்போது ஒரு குழந்தைகள் டாக்டர் எல்லாத்தையும் பார்த்துப்பார். 18ல் நுரையீரலுக்கு ஒருத்தர், எலும்புக்கு ஒருத்தர், வலிப்புக்கு ஒருத்தர். நடுவுல ஒருங்கிணைக்கிற அந்த ஒரு டாக்டர் காணாமப் போயிடறார். அவர் இடத்துல அம்மா நிக்கிறாங்க.

காசு விதியும் மாறுது. குழந்தைகள் சேவைக்குப் பெரும்பாலும் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை. பெரியவங்க பராமரிப்பு வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத்தான். இங்கிலாந்துல 23,250 பவுண்டுக்கு மேல சேமிப்பு இருந்தா, பொதுவா முழுச் செலவும் உங்களோடது. 2010ல் இருந்து அந்த எண் மாறவே இல்ல. விலைவாசி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.

அப்புறம் அந்த சுதந்திர வாழ்வு நிதி. 2010ல் புது விண்ணப்பங்களை நிறுத்திட்டாங்க. 2015 ஜூன் 30ஆம் தேதி மொத்தமா மூடிட்டு, பணத்தை உள்ளாட்சிகளுக்கு மாத்தினாங்க. ஸ்காட்லாந்து தனியா ஒரு நிதியைத் தொடர்ந்து நடத்துது. இதோட அர்த்தம் என்னன்னா, ஒரே தெருவுல ஒரே நோய் உள்ள ரெண்டு பேர். ஒருத்தர் 2009ல் 16 வயசைத் தொட்டவர், அவருக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்துச்சு. இன்னொருத்தர் 2011ல் தொட்டவர், அவருக்குக் கதவு மூடியாச்சு. என்ன வித்தியாசம்? பிறந்த தேதி.

அக்காவுக்கு

இப்போ மெயிலுக்கு வர்றேன்.

நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6ல இருந்து 18 வயசு வரைக்கும்தான் சொல்லுது. அக்கா சொன்ன அந்த சுவர் இங்கேதான் இருக்கு. 18க்கு அப்புறம் நம்ம ஊர்ல முதல்ல காதுல விழுற வார்த்தை 'கார்டியன்'. 1999ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இருக்கிற உள்ளூர்க் குழுகிட்ட விண்ணப்பிக்கணும். வங்கி, சொத்துன்னு வரும்போது பல குடும்பத்துக்கு அது தேவைப்படுது. ஆனா செரிப்ரல் பால்சி இருக்கிற எல்லாருக்கும் கார்டியன் வேணும்னு இல்ல. தனக்கான முடிவைத் தானே எடுக்க முடிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. 2016 சட்டமும் பாதுகாவலர் அந்த நபரோட கலந்து பேசி, சேர்ந்து முடிவெடுக்கணும்னுதான் சொல்லுது.

பிரிட்டன் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். அங்கே ஒவ்வொரு முன்னேற்றத்தையும் பார்த்தா, துறைகள் தங்களுக்குள்ள ஃபைலை ஒழுங்கா கைமாத்தினது பாதிதான். மீதிப் பாதி, அந்த ஃபைல்ல பேர் இருந்த ஆள் எழுந்து "நான் ஒண்ணு கேட்கணும்"னு சொன்னது. பணமும் உதவியும் வந்து சேர வேண்டிய இடம் அந்த ஆளோட விருப்பம். இடம் தெரியாம வண்டியை ஓட்டி என்ன பிரயோஜனம்?

அதனால அக்காவுக்கு நான் போட்ட பதில்ல ஒரு கேள்விதான் இருந்துச்சு. "உங்க மெயில்ல எல்லாம் இருக்கு அக்கா, தம்பி என்ன சொல்றான்னு மட்டும் இல்லையே?"

நாலு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. "கேட்டேன் தம்பி. அவன் போர்டுல காட்டுறதுக்குக் கொஞ்சம் நேரமாகும், நான்தான் பொறுமையில்லாம முடிச்சு வெச்சுடுவேன். இந்தத் தடவை காத்திருந்தேன். ராத்திரி மேட்ச் முடியிற வரைக்கும் முழிச்சிருக்கணுமாம். இத்தனை வருஷமா ஒன்பது மணிக்குப் படுக்க வெச்சுடுறேன், அவங்கப்பா வேலைக்குப் போகணும், தூக்க ஆள் வேணும்னு. அவனுக்கு அது பிடிக்கலைன்னே எனக்குத் தெரியாது."

லெ கோர்ட் பசங்க கேட்ட முதல் விஷயமும் அதுதான்.

மார்ச்சுக்கு அப்புறம் அவன் பகல்ல எங்கே போவான்ங்கிற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கல. உங்க ஊர்ல 18 வயசுக்கு மேல உள்ளவங்களைச் சேர்த்துக்கிற பகல்நேர மையம், வேலைப் பயிற்சி ஏதாவது தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. அப்படியே அனுப்பி வைக்கிறேன்.